ஒரே சுருதியில் எல்லாப் பிள்ளைகளும்: சங்கீத வகுப்புக்கான உதவிக் கருவிகள், திருகோணமலைப் பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தரம் 6 சங்கீத வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. ஒரு பிள்ளையின் காதில் கேட்கும் கருவி இருக்கிறது. ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கிறது, கை நினைத்த இடத்துக்குப் போகாது. இன்னொன்று சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடும். வழக்கமாக இந்த நான்கு பேரும் பின்வரிசையில் 'கேட்டுக்கொண்டு' இருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் பாடும் அதே வரிசையை, அதே சுருதியில், அதே தாளத்தில் இவர்களும் செய்ய வைப்பதற்கான வேலைமுறை கீழே இருக்கிறது. தனி மூலை, தனிப் பாடம் என்று ஒதுக்கினால் எவ்வளவு நல்ல கருவியும் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

கருவி வாங்க முன்னம்

முதல் இரண்டு வாரம் ஒன்றும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பித் தாளில் மூன்று விடயம் எழுதுங்கள்: பாடம் எந்த இடத்தில் அறுந்துபோகிறது, பிள்ளைக்கு நம்பகமாக வரும் அசைவு எது, எந்தச் சத்தம் அல்லது வெளிச்சம் ஒத்துவராது. 'நம்பகமான அசைவு' என்பது கையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. முழங்கை, முழங்கால், கன்னம், கால் பெருவிரல் எதுவாகவும் இருக்கலாம். பத்துத் தடவை கேட்டால் எட்டுத் தடவையாவது வரும் அசைவைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பெற்றோரிடம் கேளுங்கள், விசேட கல்வி அலகு இருந்தால் அங்குள்ள ஆசிரியரிடமும் கேளுங்கள். சோறு ஊட்டுகிற அம்மாவுக்குத் தெரிந்தது எந்த மருத்துவ அறிக்கையிலும் இராது.

பிறகு வகுப்புக்கு ஒரு சுருதியை நிலையாக வையுங்கள். குரல் உடையாத பிள்ளைகளுக்கு 5 கட்டை (கீபோர்டின் 'ஜி' சுருதி) பொருந்தும். கீபோர்ட், கணினி, தம்புரா செயலி எல்லாம் அந்த 5 கட்டைக்கே வர வேண்டும். கருவி 1 கட்டையிலும் வகுப்பு 5 கட்டையிலும் நிற்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. கருவி வைத்திருக்கிற பிள்ளை சரியாக வாசித்தாலும் காதுக்கு அபசுரமாகக் கேட்கும். பழி பிள்ளை மேல் விழும்.

சாதாரண கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை −5க்குக் கொண்டுவந்தால் 'சி' என்கிற வெள்ளைக் கட்டை 5 கட்டை ஸட்ஜமாக (ஸ) ஒலிக்கும். அதன் பின், ஆரம்ப வரிசைகள் பாடும் ராகமான மாயாமாளவகௌளையின் இடங்கள் இப்படி வரும்: ஸ வெள்ளை, ரி கறுப்பு, க, ம, ப மூன்றும் வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை. ஸ, ப இரண்டிலும் மட்டும் நகப்பூச்சாலோ பசையாலோ ஒரு மேட்டுப் புள்ளி வைத்துக் காயவிடுங்கள். எல்லாக் கட்டையிலும் புள்ளி வைத்தால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. கீபோர்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது என்பதையும் மறக்க வேண்டாம். வரிசைகளுக்கும் அலங்காரத்துக்கும் அது போதும். கீர்த்தனைக்கு வந்ததும் குரலுக்கோ வயலினுக்கோ இடம் விட வேண்டும்.

பார்வை குறைந்த, பார்வையற்ற பிள்ளைகள்

நமது ஸ்வரக் குறியீட்டில் பெரிய சிக்கல் அந்தச் சின்னப் புள்ளிதான். தாரஸ்தாயி என்ற மேல் ஸ்வரங்களுக்கு மேலே ஒரு புள்ளி, மந்திரஸ்தாயி என்ற கீழ் ஸ்வரங்களுக்குக் கீழே ஒரு புள்ளி. பார்வை மங்கிய பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், புள்ளி தெரியாது. புள்ளியை விட்டுவிட்டு, தாரஸ்தாயி ஸ்வரத்தைக் கட்டத்துக்குள்ளும் மந்திரத்தை வட்டத்துக்குள்ளும் எழுதுங்கள். நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு ஸ்வரம் காட்டும் முறை புதிதல்ல. பின்லாந்தில் 1990களில் உருவான 'ஃபிகர்நோட்ஸ்' முறையில் நிறம் ஸ்வரத்தையும் வடிவம் ஸ்தாயியையும் குறிக்கும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் அது கைகொடுக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நிறக்குருடுள்ள பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம்.

அச்சுத் தாளுக்கு: தடித்த எழுத்து, 24 முதல் 28 புள்ளி அளவு, மினுக்கம் இல்லாத மஞ்சள் தாள், ஒரு வரிக்கு ஓர் ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று). லகு (தாளத்தின் முதல் பகுதி) முடிகிற இடத்துக் கோட்டை மார்க்கரால் தடிப்பாக்குங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் தாளைப் போட்டால், பாதிச்சுவர் வகுப்பறைக்குள் வரும் பத்து மணி வெயிலில் கண்ணாடிபோல் தெறிக்கும். எல்லா உழைப்பும் வீண்.

பிரெயில் தெரிந்த பிள்ளைக்கு ஸ்வர எழுத்துகளைத் தமிழ்ப் பிரெயிலிலேயே எழுதலாம். ஆனால் பிரெயிலின் ஆறு புள்ளிக் கட்டத்துக்கு மேலேயோ கீழேயோ இன்னொரு புள்ளி வைக்க இடம் கிடையாது. அதனால் ஸ்தாயிக் குறியை எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வைப்பது என்று வகுப்பில் முடிவெடுத்து, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் வருகிற ஆசிரியரும் அதையே பின்பற்றலாம்.

கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான் தமிழ் வாசிக்கும். அன்ட்ராய்ட் போனில் அதே வேலைக்கு டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளில் ஒருமுறை குறுக்குவழியை இயக்கிவிட்டால் சத்தம் கூட்டும், குறைக்கும் விசைகள் இரண்டையும் மூன்று நொடி சேர்த்து அழுத்தினால் ஓடத் தொடங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாம் கார்வையை (ஸ்வரத்தை நீட்டும் அளவை) காற்புள்ளியாலும் அரைப்புள்ளியாலும் குறிக்கிறோம். திரைவாசிப்பான் அவற்றை வாயால் சொல்லாமல் விட்டுவிடும். 'ப , ம ;' என்று எழுதியிருந்தாலும் பிள்ளைக்குக் கேட்பது 'ப ம'. மனப்பாடம் பிழைத்துவிடும். என்விடிஏயில் அதன் விசையுடன் பி விசையை அழுத்திக் குறியீட்டு வாசிப்பு அளவைக் கூட்டலாம். அதைவிட நல்லது, 'ப கார்வை, ம இரண்டு கார்வை' என்று சொல்லாகவே எழுதிய ஒரு கோப்பைத் தனியே வைத்திருப்பது.

பாடும் நேரத்தில் திரைவாசிப்பான் குறுக்கே பேசாமல் இருக்க, வயருள்ள இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு காதில் வையுங்கள். மற்றக் காது வகுப்புக்கு. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை பிந்தி வரும், துரித காலத்தில் பிள்ளை எப்போதும் ஓர் எழுத்துப் பின்னால் நிற்கும்.

வீட்டுப் பயிற்சிக்கு ஆசிரியர் பாடியதைப் பதிவுசெய்து, ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 25 வீதம் குறைத்துக் கொடுங்கள். சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் கட்டளையும் அதே பட்டியலில் இருக்கிறது. அதைத் தொட்டால் 5 கட்டை 2 கட்டைக்கு இறங்கிவிடும்.

கேட்டல் குறைந்த பிள்ளைகள்

கேட்கும் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒரே சீராக நீளும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். சுருதிப் பெட்டி சரியாக அந்த வகை ஒலிதான். புல்லாங்குழல் போன்ற தூய நாதத்தைத் தன் சொந்தக் கீச்சொலி என்று நினைத்து வெட்டவும் கூடும். பிள்ளைக்குச் சுருதி 'வந்து வந்து போகிறது' என்றால் அது பிள்ளையின் கவனக்குறைவல்ல. அடுத்த கிளினிக் நாளில் இசைக்கென்று ஒரு தனி நிரலைக் கருவியில் போட்டுத் தரும்படி பெற்றோர் கேட்க வேண்டும். பல கருவிகளில் அந்த வசதி இருக்கிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் சத்திரசிகிச்சையால் பொருத்தும் கருவி) உள்ள பிள்ளைக்குத் தாளம் நன்றாகப் பிடிபடும், ஸ்வர உயரம்தான் கஷ்டம். ஆகவே தாளத்தில் தொடங்கி, ஸ–ப–மேல்ஸ என்ற பெரிய இடைவெளிகளுக்கு வந்து, ஸ–ரி போன்ற பக்கத்து ஸ்வரங்களைக் கடைசியில் எடுங்கள்.

இந்தப் பிள்ளைக்காக என்று வொல்யூமைக் கூட்டாதீர்கள். உள்காதுக் குறைபாட்டில் மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ நோகும். இரண்டுக்கும் இடைவெளி குறுகலானது.

நமது தாள முறையே கண்ணுக்குத் தெரியும் மொழி. ஆதிதாளத்தில் லகுவுக்கு ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பிறகு இரு திருதத்துக்கும் தட்டு, வீச்சு. எட்டு அட்சரமும் கையில் தெரிகிறது. ஆசிரியர் பிள்ளைக்கு நேரே நின்று, மடியில் மறைத்துத் தட்டாமல் நெஞ்சளவில் போட்டால் பாதி வேலை முடிந்தது. மின்னி மின்னிக் காட்டும் மெட்ரோனோம் செயலியும் வைக்கலாம், ஆனால் நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால் மின்னலே வேண்டாம்.

அதிர்வுப் பலகை ஒன்று செய்தால் வகுப்பு முழுவதும் பயன்படுத்தலாம். தோல் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வைத்தான் மிக நன்றாக உணரும், 1000க்கு மேல் அநேகமாக ஒன்றும் தெரியாது. 5 கட்டை ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், பஞ்சமம் (ப) 294, மேல் ஸட்ஜம் 392. வகுப்பின் குரல் முழுதும் காலுக்குப் படக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது.

1. மேற்பலகைக்கு 6 மில்லிமீற்றர் பிளைவூட், 60க்கு 60 சென்ரிமீற்றர். பக்கங்களுக்கு 12 மில்லிமீற்றர், உயரம் 20 சென்ரிமீற்றர். மேற்பலகை தடித்தால் அதிர்வு செத்துவிடும்.
2. ஒரு பக்கப் பலகையில் வட்டமாக வெட்டி, ஆறரை அங்குலக் கார் ஸ்பீக்கரை உள்ளே பார்க்கும்படி திருகுங்கள்.
3. கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். 4 ஓம் தாங்கும் 12 வோல்ட் சின்ன அம்ப்ளிஃபயர் பலகை வேண்டும், 15 வாட்ஸ் தாராளம்.
4. 12 வோல்ட் 7 அம்பியர்-மணி யூபிஎஸ் பட்டரியில் ஓட்டினால் கரண்ட் போனாலும் பாடம் நிற்காது. பட்டரியின் நேர்முனை வயரில் 3 அம்பியர் ஃபியூஸ் போடாமல் விட வேண்டாம்.
5. அடியில் நான்கு மூலைக்கும் இறப்பர்த் துண்டு. சீமெந்துத் தரையில் நேராக வைத்தால் பலகை கடகடக்கும்.

பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கட்டும், அல்லது கதிரையில் இருந்து பாதத்தை வைக்கட்டும். எவெலின் கிளெனி என்ற ஸ்கொட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞர் கேட்டலைப் பெரும்பாலும் இழந்தவர், வெறுங்காலோடுதான் மேடையில் வாசிப்பார். செலவில்லாமல் தொடங்க ஊதிய பலூன் ஒன்றை இரு கையாலும் பிடித்து மிருதங்கத்துக்கு ஓரடி தூரத்தில் வைத்தாலே இடப்பக்கத் தொப்பிக்கும் வலப்பக்க வலந்தலைக்கும் வித்தியாசம் கையில் தெரியும்.

கை ஒத்துழைக்காத பிள்ளைகள்: ஒரு சுவிட்ச், ஒரு முழு வரிசை

அதிகம் பலன் தருவதும் குறைந்த செலவுள்ளதும் இதுதான். அதனால் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு பழைய வயர் மௌஸ், ஒரு பெல் சுவிட்ச், ஒரு கணினி, கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருள் போதும்.

பெல் சுவிட்ச் என்றே கேட்டு வாங்குங்கள். அழுத்தும்போது மட்டும் தொடுத்து, விட்டதும் தானே எழும்புவது அது. சாதாரண லைட் சுவிட்சை வாங்கினால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். இந்தச் சுவிட்சை எக்காரணம் கொண்டும் வீட்டு மின்னோடு தொடுக்கக் கூடாது.

1. மௌஸைக் கணினியிலிருந்து கழற்றித் திறவுங்கள். திருகு காணவில்லை என்றால் அடியிலுள்ள ஸ்டிக்கருக்குள் இருக்கும்.
2. இடப் பொத்தானின் கீழ் மூன்று கால் கொண்ட சின்னப் பெட்டி இருக்கும். மல்ட்டிமீற்றரைச் சத்தமிடும் நிலையில் வைத்து, அழுத்தும்போது மட்டும் கீச்சிடும் இரு கால்களைக் கண்டுபிடியுங்கள்.
3. அந்த இரண்டிலும் 15 சென்ரிமீற்றர் இரட்டை வயரைச் சொல்டர் செய்து, மற்ற முனைகளை 3.5 மில்லிமீற்றர் மோனோ சொக்கற்றுக்குக் கொடுத்து, உடலில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு மாட்டுங்கள். கிடைப்பது ஸ்டீரியோ சொக்கற் என்றால் நுனியையும் அடியையும் மட்டும் தொடுத்து நடுவை விட்டுவிடுங்கள்.
4. பெல் சுவிட்சின் இரு முனையிலிருந்து ஒன்றரை மீற்றர் வயர், நுனியில் மோனோ ஜாக்.
5. மௌஸின் அடிக்கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடி, மேசையில் ஒட்டிவிடுங்கள். மூடாவிட்டால் சுட்டி ஊர்ந்து போய் நிறுத்தும் பொத்தானில் நிற்கும். அடுத்த அழுத்தலில் பாட்டு நின்றுவிடும்.

இனி நிரல். ஸ்க்ராட்சில் இசை நீட்சியைச் சேருங்கள். 'வரிசை' என்று ஒரு பட்டியல் உருவாக்கி, முதலாவது சரளி வரிசையை (ஸ ரி க ம ப த நி ஸ், பின் இறங்கி) ஸ்க்ராட்சின் ஸ்வர எண்களாக இடுங்கள். 5 கட்டைக்கு: 55, 56, 59, 60, 62, 63, 66, 67, பின்பு 67, 66, 63, 62, 60, 59, 56, 55. 'இடம்' என்று ஒரு மாறி. கொடி அழுத்தியதும் இடம் 1. மௌஸ் விடுபடும்வரை காத்திரு. பிறகு எப்போதும்: மௌஸ் அழுந்தும்வரை காத்திரு, வரிசையில் அந்த இடத்து எண்ணை அரை அடிக்கு ஒலி, இடத்தை ஒன்றால் கூட்டு, 16ஐத் தாண்டினால் 1க்குக் கொண்டுவா, மௌஸ் விடுபடும்வரை காத்திரு.

முதலில் வரும் 'விடுபடும்வரை காத்திரு' இல்லாவிட்டால் ஏற்கெனவே அழுந்தியிருக்கும் மௌஸ் முதல் ஸ்வரமாக எண்ணப்பட்டு, பிள்ளை ரிஷபத்தில் (ரி) தொடங்கக்கூடும். கடைசியில் உள்ளது இல்லாவிட்டால் கையை மெல்ல எடுக்கும் பிள்ளைக்கு ஸ்வரங்கள் கொட்டுண்டு போகும். ஸ்க்ராட்சின் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 60 அடி, ஆக அரை அடி என்பது அரை நொடி. அந்த அரை நொடிக்குள் கை நடுங்கி இரண்டாம் முறை அழுந்தினாலும் கணக்கில் வராது. நடுக்கம் கூடிய பிள்ளைக்கு அதை ஓர் அடியாக்குங்கள்.

இந்த முறையில் எந்த ஸ்வரம் என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. எப்போது என்பது முழுக்கப் பிள்ளையின் கையில். இது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். காலப்பிரமாணத்தை (சீரான வேகத்தை) பிடித்து நிற்பது சங்கீதத்தில் சின்ன விடயமா என்று அவர்களையே ஒரு விளம்பகாலம் (மெதுவான வேகத் தாளம்) போட்டுக் காட்டச் சொல்லலாம். ஒரு வாரம் வகுப்பு பிள்ளையின் அழுத்தலுக்குப் பின்னால் பாடட்டும். அடுத்த வாரம் பிள்ளை வகுப்பின் தாளத்துக்கு வரட்டும். 16 அழுத்தல் முடியாவிட்டால், தட்டுக்கு ஒன்றாக 8 ஸ்வரம் மட்டும் பட்டியலில் வையுங்கள். இடையில் தவறிவிட்டால் வெற்றிட (ஸ்பேஸ்) விசையை அழுத்தியதும் இடம் 1க்குத் திரும்பும்படி ஒரு துண்டு நிரல் எழுதிவிடுங்கள், அது ஆசிரியரின் கைக்கு.

விரல் மெதுவாகத் தொட முடிந்த, ஆனால் கட்டையை அழுத்த முடியாத பிள்ளைக்கு, தொட்டாலே கணினியில் விசை அழுத்தியதுபோல் வேலை செய்யும் மேக்கி மேக்கி பலகை நல்லது. அதன் முன்பக்கத்தில் ஆறு தொடுவாய்: நான்கு அம்பு, வெற்றிடம், கிளிக். மோகனத்தின் ஸ, ரி, க, ப, த, மேல்ஸ என்ற ஆறும் அப்படியே பொருந்தும். எண்கள் 55, 57, 59, 62, 64, 67. கிளிக்குக்குப் பதிலாகப் பின்பக்கத்து டபிள்யூ விசையை வயரால் எடுத்தால் சுட்டித் தொல்லை இல்லை. தொடுவதற்கு உப்புப் போட்டுப் பிசைந்த ரொட்டி மா உருண்டைகள் போதும். மேக்கி மேக்கியில் 'எர்த்' என்று குறித்த இடத்திலிருந்து வரும் பூமி வயரைப் பிள்ளையின் கையில் செப்புத் தகட்டு வளையமாகக் கட்டுங்கள், பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லாதீர்கள். உருண்டைகளுக்கிடையே 5 சென்ரிமீற்றர் இடைவெளியும் கீழே காய்ந்த பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். கடற்காற்றில் மேசை ஈரித்து இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது இங்கே சாதாரணம். தொடாமலே ஒலித்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலிருந்து வரும் மின் இரைச்சல்தான்.

பிடி பலவீனமான பிள்ளைக்கு மின்சாரமே தேவையில்லை: தட்டுகோலில் சைக்கிள் கைப்பிடி இறப்பரை ஏற்றி, உள்ளங்கையைச் சுற்றி ஒட்டுப்பட்டியால் கட்டினால் போதும்.

சத்தம் தாங்காத பிள்ளை

சத்தத்தின் அளவைவிட அது திடீரென்று வருவதுதான் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைக் குழப்புகிறது. சுருதிப் பெட்டியை வொல்யூம் பூச்சியத்தில் ஓடவிட்டு மெல்லக் கூட்டுங்கள். சுருதி, வரிசை, தாளம், முடிவு என்று நான்கு படத்தை வரிசையாக ஒட்டி, முடிந்ததைத் திருப்பிப் போடுங்கள். சத்தம் குறைக்கும் காதுமூடி கதிரையிலேயே தொங்கட்டும், கேட்டு வாங்கும் பொருளாக இருக்கக் கூடாது. பேச்சு வராத பிள்ளைக்குப் பழைய போனில் மூன்று படப் பொத்தான்: 'இன்னொருக்கா', 'காணும்', 'சத்தத்தைக் குறையுங்கோ ரீச்சர்'. குரலை அதே வயதுப் பிள்ளையைக் கொண்டு நம்மூர்ப் பேச்சிலேயே பதியுங்கள். அந்தப் பொத்தானை அழுத்தியதும் உண்மையில் சத்தம் குறைய வேண்டும். இரண்டு தடவை குறையாவிட்டால் பிள்ளை பொத்தானை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்கும்.

ஒரு பாடவேளையில்

கருவிகளைப் பாடத்துக்கு முந்திய இடைவேளையில் மாட்டிவிட வேண்டும். வகுப்புத் தொடங்கிய பின் வயர் பொருத்தினால் பத்து நிமிடம் போய்விடும். முதல் 5 நிமிடம் எல்லோரும் சுருதியோடு ஸ–ப–ஸ. அடுத்த 15 நிமிடம் ஒரே வரிசை: குரலில், சுவிட்சில், பலகையில், பெரிய எழுத்துத் தாளில். பிறகு நால்வர் குழுக்கள். ஒவ்வொரு கருவிக்கும் பிள்ளையோடு ஒரு கூட்டாளி, வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். கடைசி 5 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பாடியதை போனில் பதிவுசெய்து திகதி போட்டு வையுங்கள். முன்னேற்றத்துக்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. பரீட்சையில் பெரிய எழுத்து, மேலதிக நேரம், உதவியாளர் போன்ற சலுகை வேண்டுமானால், மருத்துவச் சான்றுடன் அதிபர் மூலம் வலயக் கல்விப் பணிமனையில் விண்ணப்ப காலத்துக்கு முன்பே பேசுங்கள். அனுமதி அட்டை வந்த பிறகு ஓடித் திரிந்து பலனில்லை.

மாரியும் உப்பும்

கார்த்திகை, மார்கழி மழை தகரக் கூரையில் விழுந்தால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. அந்த நாட்களை அதிர்வுப் பலகைக்கும் தாளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தாள் தொடுவாய்கள் வெகு விரைவில் பழுதாகும், செப்பு பச்சைப்படும். மாதம் ஒருமுறை பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் துடையுங்கள். சொல்டர் செய்த இடங்களை ஹொட் குளூவால் மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். பெல் சுவிட்ச் இரண்டு வாங்கி ஒன்றை டப்பாவில் போடுங்கள், உடைவது எப்போதும் அதுதான். டப்பாவின் மூடியில் எந்தப் பிள்ளைக்கு எது, எப்படி மாட்டுவது என்று ஒரு தாளை ஒட்டுங்கள். அது பூட்டப்படும் அலுமாரிக்கு இரண்டு சாவி செய்து, ஒன்றைச் சங்கீத ஆசிரியர் லீவில் நிற்கும் நாளில் வகுப்புக்கு வருகிறவர் எடுக்கக்கூடிய இடத்தில் தொங்கவிடுங்கள்.